சத்தம் போடாத பம்ப்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி போவதற்குள் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் நகர்வேனா என்று அடம்பிடித்தது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சிவப்பு முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறியோடு, கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு ராகத்தில் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணி, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

"எனக்கும் அதுதான் தெரியணும்."

அண்ணி எனப்பட்டவள் ஒரு பெரிய மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். அங்கே நோயாளிகள், டாக்டர்கள், தரை துடைப்பவர்கள் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். நாமும் அப்படியே கூப்பிடலாம். கணவனுக்குக் கடல் நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். அவனுடைய தங்கைதான் இந்த நாத்தனார். வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியின் கால் சென்டரில், புகார் சொல்லி போன் பண்ணுகிறவர்களைச் சமாதானப்படுத்துகிற வேலை. அண்ணன் வீட்டிலிருந்து ஆபீஸ் கிட்டம் என்று இங்கேயே தங்கிவிட்டாள். காலையில் அவளை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சிஸ்டர் மருத்துவமனைக்குப் போவாள். சாயங்காலம் அதே வாசலில் ஏற்றிக்கொள்வாள்.

வண்டியைத் தள்ளாத குறையாக வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். சர்வீஸ் சென்டருக்கு நாத்தனாரே போன் போட்டாள்.

"தடங்கலுக்கு வருந்துறாங்களாம். எங்க பொறுமைக்கு நன்றியாம்" என்று போனை வைத்தாள். "அடுத்த மாசக் கடைசியிலதான் நேரம் தருவாங்களாம். நான் சொல்ற அதே வசனத்த எனக்கே சொல்றாங்க அண்ணி!"

அது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டி. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவது அதுதான். அது கொதித்துப் போகாமல் இருக்கத் தனியாக ஒரு கூலன்ட் தொட்டி, அந்தக் கூலன்ட்டைச் சுற்றவிட உள்ளங்கை அளவில் ஒரு பம்ப். சிஸ்டர் பானட்டைத் தூக்கி, வண்டியை ஆன் செய்துவிட்டு, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சலசலவென்று சுழல வேண்டிய கூலன்ட் தேமே என்று கிடந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனாள். பம்ப் இருக்கிற திசையிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"பம்ப் போயிடுச்சு" என்றாள். பம்ப் நின்றால் கண்டுபிடிக்க அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வார்டில் நாள் முழுக்க அவள் காது வைத்திருப்பதே ரத்தத்தைச் சுற்றவிடுகிற பம்புகளின் சத்தத்தின் மேல்தான்.

கணவன் போனில் பதறினான். "நீ கைய வைக்காத. அதுல ஓடுறது ஆளையே முடிச்சிடுற கரண்ட்டு."

"ஆரஞ்சு கலர் ஒயர்லதான் அந்தக் கரண்ட்டு. அது பக்கமே நான் போகல. பம்ப் ஓடுறது சாதாரண சின்ன பேட்டரியில. வண்டியோட புத்தகத்த ரெண்டு ராத்திரியா படிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் காற்றும் அலையும் இரைந்தன. வேண்டாம் என்று சொன்னாலும் செய்யப்போகிறவள் என்பது அவனுக்குத் தெரியாததா?

"சின்ன பேட்டரிய முதல்ல கழட்டிடு. சாவிய வீட்டுக்குள்ள வை" என்றான். சரி என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

புதன்கிழமை சிஸ்டருக்கு வார ஓய்வு. புது பம்ப் அட்டைப்பெட்டியோடு மேஜைமேல் தயாராக இருந்தது. பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு கீழே போனால், நாத்தனார் முந்திக்கொண்டு வண்டியருகே டார்ச்சோடு நின்றாள்.

"ஆபீஸ் போகல?"

"லீவு போட்டுட்டேன். ஒத்த ஆளா எப்படிச் செய்வீங்க?"

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகே சிஸ்டர் பாயை விரித்து அடியில் போனாள். அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிட்டது. சேறு படிந்த கிளிப்புகள் ஒன்றுகூட நல்ல வார்த்தைக்கு மசியவில்லை. அப்புறம் துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்பை அடியில் தள்ளி, கூலன்ட்டைத் திறந்துவிட்டாள். ரோஸ் நிறத்தில், பளபளவென்று இறங்கியது.

"பாத்தா குடிக்கலாம்போல இருக்கு அண்ணி."

"குடி. குடிச்சிட்டு நேரா என் வார்டுக்கு வந்து படுத்துக்கோ. கிட்னி ரெண்டும் காலி."

நாத்தனார் டப்பிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

எதிர் பிளாட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்கடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதையும், மேலே ஒருத்தி டார்ச் அடிப்பதையும் சாவகாசமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் தெரிஞ்சவங்க கையில விடணும்மா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்."

நாத்தனார் நிமிர்ந்தாள். குரலில் தேன் ஊற்றினாற்போல, "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் சார். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு உடனே தெரிவிக்கிறோம்" என்றாள்.

அவருக்கு அது நன்றியா நக்கலா என்று பிடிபடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே லிஃப்டுக்குப் போய்விட்டார். வண்டிக்கடியில் சிஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்ததில் கூலன்ட் முழங்கை வரை வழிந்தது.

"ஆபீஸ்ல உன்ன அடிச்சுக்க ஆளே இல்லன்னு உங்கண்ணன் சொல்றது சரிதான்" என்றாள்.

மேலே டார்ச் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

பம்பில் மாட்டியிருந்த குழாயின் வளையக் கிளிப் பொல்லாத இடத்தில் இருந்தது. குறடு பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஒரு தடவை வழுக்கியதில் விரல் முட்டிகள் இரும்பில் உரசித் தோல் உரிந்தது. உஸ்ஸென்று விரலை வாயில் வைக்கப்போனவள், கூலன்ட் கை என்று ஞாபகம் வந்து ஊதிக்கொண்டாள். வெளிச்சமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

"டார்ச்ச ஆட்டாத. என்னாச்சு உனக்கு? அவசரத்துக்கு லீவு குடுத்தாங்களேன்னு சந்தோஷப்படாம."

"லீவு இல்ல அண்ணி."

"பின்ன?"

"வேலைய விட்டுட்டேன்."

சிஸ்டரின் கை குறட்டோடு நின்றது. நாத்தனாரின் முகம் தெரியவில்லை, எஞ்சினின் சந்து வழியாக ஒரு மணிக்கட்டும் வளையலும் மட்டும் தெரிந்தன.

"எப்போ?"

"மழை ஆரம்பிச்ச சமயத்துல."

மழை ஆரம்பித்து, ஓய்ந்து, வெயிலும் வந்துவிட்டது. "அப்போ தினமும் நான் உன்ன இறக்கிவிட்டது?"

"நீங்க திருப்பத்துல மறையிற வரைக்கும் வாசல்ல நிப்பேன். அப்புறம் பின்தெருவுல லைப்ரரி இருக்குல்ல, அங்க போயி உக்காந்துப்பேன். படிக்கட்டுல டிபன் பாக்ஸ காலி பண்ணிட்டு, சாயங்காலம் மறுபடி வாசலுக்கு வந்துடுவேன்."

சிஸ்டருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அடிப்பாவி! உன்னால அந்தப் பாழாப்போன சிக்னல்ல தினமும் நான் வெந்து செத்தேனே! நேர் ரோட்டுல போயிருந்தா ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போயிருப்பேன்!"

"தெரியும் அண்ணி. ஒவ்வொரு சிக்னல்லயும் சொல்லிடலாம்னு வாயத் திறப்பேன். பச்சை விழுந்துடும்."

குழாயிலிருந்து கடைசித் துளிகள் டப்பில் சொட்டின.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"திட்டினதுக்கெல்லாம் இல்ல. திட்டு வாங்குறது பழகிடுச்சு." நாத்தனார் டார்ச்சைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒரு பெரியவர் கூப்பிட்டாரு. ஃபிரிட்ஜ் ஓடல, உள்ள மனைவியோட இன்சுலின் இருக்கு, இன்னிக்கே ஆள் அனுப்புங்கன்னு அழுதாரு. ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும். எழுதிக் குடுத்தத அப்படியே படிச்சேன். வருந்துறோம், உங்க பொறுமைக்கு நன்றின்னு. அவரு எங்கிட்ட, 'நீயாவது பொறுமையா கேட்டியேம்மா, நல்லா இரு'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு. அந்த 'நல்லா இரு'தான் தாங்கல அண்ணி. ஹெட்போன கழட்டி வெச்சிட்டு வந்துட்டேன்."

வார்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் பாதிப்பேர். அவர்களில் ஃபிரிட்ஜ் கெட்டுப்போன வீட்டுக்காரர் யாராக இருக்கும் என்று சிஸ்டரின் மனம் தானாகவே தேடியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்க."

சிஸ்டர் யோசித்தாள். "ஆமா. சொல்லித்தான் இருப்பேன்" என்றாள். "சரி, டார்ச்ச இடது பக்கமா காட்டு. கிளிப் குறட்டு வாய்க்குள்ள வந்துடுச்சு."

கிளிப் நகர்ந்தது. குழாய் உருவிக்கொண்டு வந்தது. போல்ட்டுகளைக் கழற்றி, மின்சாரச் செருகியைப் பிரித்து எடுத்ததும், பழைய பம்ப் கனமாக அவள் வயிற்றின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தாள், இறுகிப்போயிருந்தது. புதியதன் சக்கரம் தொட்டதும் சுற்றியது. பூட்டுகிற வேலை கழற்றியதில் கால்வாசிகூட இல்லை. செருகி டக்கென்று உட்கார்ந்தபோது நாத்தனார் அப்பாடா என்றாள்.

அப்பாடா சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. புது கூலன்ட்டை ஊற்றி, பேட்டரியை இணைத்து, எஞ்சின் ஓடாமல் வண்டியை ஆன் மட்டும் செய்தார்கள். பம்ப் ரீங்கரித்தது. ஆனால் தொட்டியில் கூலன்ட் ஒரு தடவை துள்ளிவிட்டு மறுபடி சும்மா நின்றுவிட்டது.

"போச்சு! காலையிலேருந்து பட்ட பாடெல்லாம் வீணா?" நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிஸ்டர் குழாயை விரலால் சுண்டினாள். தண்ணீர் நிறைந்த சத்தம் இல்லை, வெற்றுச் சத்தம். "காத்து அடைச்சிருக்கு. ஓடறதுக்கு வழி இல்ல. எழுந்திரு, இது நம்ம வேலைதான்."

புத்தகத்தில் காட்டியபடி, காற்றை வெளியேற்றுகிற திருகில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டாள். திருகைக் கொஞ்சம் தளர்த்தி, "ஆன் பண்ணு" என்றாள். ரப்பர் குழாயை ஒரு கையால் அமுக்கி அமுக்கி விட்டாள். மறுகையால், வார்டில் டயாலிசிஸ் குழாயிலிருந்து காற்றுக் குமிழியைத் தட்டி விரட்டுகிற மாதிரியே செல்லமாகத் தட்டினாள். பிளாஸ்டிக் குழாயில் முதலில் நுரை வந்தது. அப்புறம் குண்டு குண்டாகக் குமிழிகள், அப்புறம் பொடிப்பொடியாக, அப்புறம் சுத்தமான ரோஸ் நிறம்.

"சுத்துது அண்ணி, சுத்துது!"

தொட்டிக்குள் கூலன்ட் கொதிக்கிற உலைபோலத் தளதளத்தது. இறங்கிய அளவுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றி, திருகை இறுக்கி, மூடினாள் சிஸ்டர். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்கு வெளியே போகிற புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சிவப்பு விளக்கு எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும்போது கணவனிடமிருந்து போன் வந்தது. சிஸ்டர் எடுக்கப் போகுமுன் நாத்தனாரே எடுத்தாள்.

"அண்ணே, ரெண்டு விஷயம். ஒண்ணு, வண்டி சூப்பரா ஓடுது." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவதையும் சொல்லிவிட்டாள்.

வெகுநேரம் அலைச் சத்தம்தான் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நாத்தனார் திரையைப் பார்த்தாள்.

"லைப்ரரியில ஃபேனாவது இருந்துச்சா?" என்றான் அவன்.

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பேச முடியாமல் போனை அண்ணியிடம் நீட்டினாள். "நான் ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சிஸ்டர் கத்தினாள்.

மறுநாள் சிஸ்டர் நேர் ரோட்டில் போனாள். வீட்டில் நாத்தனார் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்காரர் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஊசி போட வந்தவள் கையுறை மாட்டுவதற்குள் அவள் விரல்களைப் பார்த்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், கையெல்லாம் தோலுரிஞ்சு கிடக்கு?"

"வண்டி ரிப்பேர். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து பாத்தோம்."

"நாத்தனார் கூடவா? சண்டையில பட்ட காயம்னு சொல்லுங்க, நம்புறேன்."

"கைய ஆட்டாம வைங்க" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் மெஷினை ஓடவிட்டாள்.