ஒரு மாதச் சீட்டு

அந்த மாத்திரை பெரம்பலூரில் ஒரே கடையில்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே இருந்த கடை அது. மாடியில் டாக்டரம்மா சீட்டு எழுதுவார். கீழே கடைக்காரன் அதை வாங்கிக் கம்பியில் குத்தி வைத்துக்கொண்டு மருந்தை நீட்டுவான். சீட்டு திரும்பி வராது. அடுத்த மாதம் மறுபடி டோக்கன், மறுபடி பீஸ், மறுபடி அரை நாள் பெஞ்சு, மறுபடி ஒரு மாதச் சீட்டு. அங்கே வருகிறவர்கள் யாரும் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்றால் இப்படித்தான் என்று பழகியிருந்தார்கள்.

திருமுருகன் ஒரு வருடமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தான். மாத்திரை அவனுக்கில்லை, அவனுடைய கொழுந்தியாள் முத்தமிழுக்கு. பெஞ்சு எப்போதும் பிசுபிசுத்தது. பினாயில் வாடையும் வாசல் கடையின் வடைவாசமும் கலந்து குமட்டியது. எதிர்ச் சுவர் முழுக்கக் கொழுகொழுவென்று குழந்தைப் படங்கள். அவற்றுக்குக் கீழே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள்.

அவன் மனைவி வளர்மதி சினைப்பையில் புற்றுநோய் வந்து இறந்தவள். அவள் போனபிறகு அவனுக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. மக்காச்சோள விதைக் கம்பெனியில் வேலை. வண்டியில் வேப்பந்தட்டைப் பக்கம் போவான், வருவான், சாப்பிடுவான், படுப்பான். அருவருப்பு ஒன்றுதான் உடம்பில் மிச்சம் இருந்தது.

அவள் இறந்த அடுத்த வருடமே தங்கைக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அக்காவுக்கு வந்ததுதான் இவளுக்கும் என்று வீடே ஆடிப்போயிற்று. எதற்கு வம்பு, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. சினைப்பை இரண்டையும் எடுத்தார், கர்ப்பப்பையையும் எடுத்தார். கட்டியைப் பரிசோதித்த முடிவு அதற்குப் பிறகு வந்தது. சாதாரண நீர்க்கட்டி. டாக்டரம்மா அதை நல்ல செய்தியாகச் சொன்னார். மாமனார் சாமிதுரை பழத்தட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயது உடம்பு வந்தது. திடீர் திடீரென்று நெருப்பு ஏறும், தலையணை நனையும், மூட்டு வலிக்கும். சினைப்பை சுரந்துகொண்டிருந்ததை இனி மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும், தினம் ஒன்று, பல வருடங்களுக்கு. விட்டால் எலும்பு தேயும், இதயம் கெடும். இதெல்லாம் திருமுருகன் தானே படித்துத் தெரிந்துகொண்டது. டாக்டரம்மா வீட்டாரிடம் சொன்னது, "சத்து மாத்திரை மாதிரி வெச்சுக்குங்க" என்பது மட்டும்.

கல்யாணமாகாத பெண் மாதாமாதம் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ்ஸிலேயே கதை கட்டுவார்கள் என்று மாமியார் பொன்னம்மாள் அவளை அனுப்பவில்லை. அரியலூர் பக்கத்து ஊர் அவர்களுடையது. பெரம்பலூரிலேயே இருக்கும் மருமகன் போய் வாங்கி வரலாம் என்று ஆயிற்று. பீஸ் கட்டினால் நோயாளி வராவிட்டாலும் டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

இந்த மாதம் நர்ஸ் மறித்தாள். பேஷன்ட் நேரில் வர வேண்டுமாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

"எதை ஸ்கேன் எடுப்பீங்க?" என்றான்.

"வயித்தைத்தான்."

"அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலியே."

நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

கீழே வந்து, கம்பியில் கிடக்கும் போன மாதத்துச் சீட்டையாவது தரச்சொல்லிக் கேட்டான். திருச்சியில் வாங்கிக்கொள்வான். சீட்டு கையில் இருந்தால் போதும், எந்த ஊரிலும் வாங்கலாம். அது கையில் இல்லாததால்தான் இந்தக் கடையே ஓடியது. கடைக்காரன் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினான்.

"அது எங்க காப்பி சார். தர்றதுக்கில்ல." பிறகு பக்கத்தில் பில் போடுகிறவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "பொண்டாட்டி இல்லாம லேடீஸ் மாத்திரை வாங்குறது இந்தக் கடையில நீங்க ஒருத்தர்தான். கொடுத்து வெச்ச ஆளு சார் நீங்க."

இருவரும் சிரித்தார்கள். கண்ணாடிப் பலகையில் சிவப்பாக ஒரு துளி தெறித்திருந்தது. திருமுருகன் அதையே பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதை முத்தமிழிடம் நேரில் சொல்லிவிடலாமென்று குன்னம் வழியாக வண்டியை விட்டான். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி பல்லில் நறநறத்தது.

முத்தமிழ் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகமெல்லாம் பரு. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தலைவலி, வயிறு உப்பிக்கொள்கிறது, மூட்டு விட்டுப்போகிறது, எதைக் கேட்டாலும் அழுகை வருகிறது என்றாள். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டான். அம்மா தினமும் பிரித்துத் தருவதைப் போடுவதாகச் சொன்னாள். "கம்பெனி மாத்திட்டாங்களாமே மாமா? இப்ப வேற மாதிரி இருக்கு."

அட்டையைக் கேட்டான். பொன்னம்மாள் காபி கொண்டுவந்தாள். அட்டையைக் கேட்டது காதில் விழாததுபோல் இருந்தாள். அவன் மறுபடி கேட்டான். அடுப்படி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அட்டையை அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கோயிலில் காப்புக் கட்டும் நாளும் வீட்டுக்கு விலக்காகும் நாளும் ஒன்றாக வந்தால், நாளைத் தள்ளிப்போடப் பெண்கள் வாங்கிப் போட்டுக்கொள்வது. சீட்டு வேண்டாம். மாரியம்மன் திருவிழாச் சமயத்தில் கடைக்காரர்கள் மிட்டாய் போல எண்ணிக் கொடுப்பார்கள்.

"இதுவும் ஹார்மோன் மாத்திரைதானே மாப்ள," என்றாள் பொன்னம்மாள். "நம்ம மெடிக்கல் கொளஞ்சியப்பன்தான் சொன்னான். வெலயும் கம்மி, சீட்டும் கேக்க மாட்டான்."

கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு எந்த நாளைத் தள்ளிப்போட என்று கேட்க வந்தது. அவன் வாங்கிக் கொடுத்த மாத்திரை எங்கே என்று மட்டும் கேட்டான்.

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் காட்ட வேண்டுமென்று இருந்தவள்போல உள்ளே கூப்பிட்டாள். பீரோவில் ஒரு பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், பிரிக்காத குக்கர். அவற்றோடு புத்தம்புது எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள். போன மாதம் அவன் வாங்கிக் கொடுத்த அட்டைகள் மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே இருந்தன.

"சீரோட சேத்து வெச்சிருக்கேன். கல்யாணம் ஆன ஒடனே அந்த வூட்டுக்குச் செலவு வெக்கக் கூடாது பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா சேத்துடுவேன்."

"எந்த வூட்டுக்கு?"

அவள் புடவைத் தலைப்பால் டப்பாவைத் துடைத்தாள். "வெளியில யாரு மாப்ள கட்டுவா இவள? உங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கதானே அலையுறீங்க மாத்திரைக்கு. மூத்தவ போயிட்டா, இளையவளக் கட்டுறது ஒண்ணும் ஊரு ஒலகத்துல இல்லாததில்லியே."

அவன் சம்பளத்தில் வாங்கிய மாத்திரை, முத்தமிழின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டு, அவனுக்கே சீராக வரக் காத்திருந்தது. மஞ்சள் துணியின் வாசம் அறையெங்கும் இருந்தது. திருமுருகன் கதவு நிலைவரை பின்வாங்கினான்.

முத்தமிழ் பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. அவள் டப்பாவைத்தான் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் தின்னது என்ன?"

பொன்னம்மாள் சமாதானம் சொன்னாள். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றாள், கொளஞ்சியப்பன் படித்தவன் என்றாள். முத்தமிழ் டப்பாவிலிருந்து அட்டைகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இதை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். அது போதாது என்றாள். அம்மா கை, மாமா கை, கடைக்காரன் கை என்று சுற்றி வருவது இனி வேண்டாம்.

"நாளைக்கு வர்றேன் மாமா. சீட்டு என் கையில இருக்கணும். ஆறு மாசத்துக்கு."

மறுநாள் காலை பஸ்ஸில் வந்தாள். பொன்னம்மாளும் கூடவே வந்தாள், நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து. கோயிலுக்குப் போகிறவள்போல இருந்தாள்.

டாக்டரம்மா மூவரையும் பார்த்துவிட்டு திருமுருகனிடம்தான் பேசினார். முத்தமிழ் ஆறு மாதத்துக்கு எழுதித் தரும்படி கேட்டாள். கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பெயரும் எழுத வேண்டும், அப்போதுதான் எந்தக் கடையிலும் கிடைக்கும், சீட்டைத் தானே வைத்துக்கொள்வேன் என்றாள். டாக்டரம்மா கைக்குக் கிருமிநாசினி தடவிக்கொண்டு அவனைப் பார்த்துப் பதில் சொன்னார். ஹார்மோன் விஷயம், கண்காணிப்பு வேண்டும், ஸ்கேன் வேண்டும். "கல்யாணமாகாத பொண்ணு கையில ஆறு மாசச் சீட்டைக் குடுத்துட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?"

"கல்யாணம் முடிவாயிடுச்சுங்கம்மா," என்றாள் பொன்னம்மாள். "இவருதான் மாப்ள."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்படியா? பெரிய மனசு சார் உங்களுக்கு. இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார். வீட்டுக்காரர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்றால் எனக்கென்ன பயம் என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

திருமுருகன் பேனாவைப் பார்த்தான். வாயைத் திறந்தால் அது நின்றுவிடும். மருந்தின் பெயர் எழுத்து எழுத்தாக விழுந்தது. அளவு விழுந்தது. ஆறு மாதம் என்று விழுந்தது. முத்தமிழும் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து, முத்திரை.

"ஸ்கேன் இப்ப வேணாம்," என்று டாக்டரம்மா சீட்டை அவன் பக்கம் நீட்டினார். "அது என்னோட கல்யாணப் பரிசு."

முத்தமிழ் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கீழே கடைக்காரன் வழக்கம்போலக் கையை நீட்டினான். சீட்டு கொடுத்தால்தான் மருந்து என்றான். மருந்து வேண்டாம் என்று அவள் நிற்காமல் நடந்தாள். அவன் பின்னாலிருந்து என்னவோ கத்தினான். யாரும் திரும்பவில்லை.

வாசலில் பொன்னம்மாள் அதற்குள் போனில் சாமிதுரையிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க. டாக்டரம்மா முன்னாடி மாப்ள வாயத் தொறக்கல. சம்மதந்தான்."

"அத்தை, எனக்குச் சம்மதமில்ல," என்றான் திருமுருகன்.

"பின்ன ஏன் சும்மா இருந்தீங்க?"

"சீட்டுக்காக."

"சீட்டு யாருக்கு? இவளுக்குத்தானே. இவளுக்காக அவ்வளவு பெரிய பேச்சுக்குச் சும்மா இருந்தவரு, தாலி கட்ட மாட்டேங்கிறீங்க?"

ஒரு வருடமாக டாக்டரம்மாவையும் கடைக்காரனையும் பார்த்து உடம்பு கூசியிருக்கிறது. இப்போது தன் வாய்க்குள்ளேயே ஏதோ அழுகியதுபோல இருந்தது. சீட்டுக்கு அவர்கள் சொன்ன விலை அந்தப் பொய், அவன் வாயை மூடிக்கொண்டு அதைக் கொடுத்தான். துப்பிவிட்டு வர ஓரமாகப் போனான். வறண்ட எச்சில்தான் வந்தது.

முத்தமிழ் அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். "அப்பா, கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்ல. மாமா சீட்டுக்காகச் சும்மா இருந்தாரு. நானும் அதுக்குத்தான் சும்மா இருந்தேன். நான் திருச்சி போயிட்டு சாயங்காலம் வரேன்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

தானும் வருவதாக அவன் சொன்னான். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"வேணாம் மாமா. நீங்க வந்தா மறுபடியும் உங்ககிட்டதான் பேசுவாங்க."

பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தது தெரிந்தது. உட்கார இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்து நின்றபடியே போனாள்.

பொன்னம்மாள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு காலையிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை என்றாள். ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். பொங்கல் சாப்பிட்டாள், வடை வாங்கிக்கொண்டாள், சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். தலையிலிருந்து பூ ஒன்று இலையில் உதிர்ந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். திருமுருகன் தண்ணீர் மட்டும் குடித்தான்.

வண்டியில் அவளை ஊரில் கொண்டுபோய் விட்டபோது போனில் செய்தி வந்தது. முத்தமிழ். "கிடைச்சிருச்சு. பில் போட்டுட்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. பாதி விலைதான் மாமா."

அதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினான்.

"பாதி வெலயா?" பொன்னம்மாள் வாசற்படியில் அப்படியே நின்றாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப இத்தன மாசமா நம்மகிட்டக் கொள்ளையடிச்சிருக்கானுவளா? நல்லா இருப்பானுவளா அவனுவ? புழுத்துத்தான் சாவானுவ."

மகளின் வயிற்றைச் சுரண்டி எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்த ஆஸ்பத்திரியை அவள் திட்டி இன்றைக்குத்தான் கேட்கிறான். அவள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்போதே திருமுருகன் வண்டியைத் திருப்பினான்.