ஐந்தாவது எபிசோடில் இல்லாத காட்சி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. என் வீட்டுக்காரர்* ஒரு வாரப் பத்திரிகையில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர். தொடர்களைப் பார்ப்பது நான். பார்த்ததையும், அதைப் பற்றி நினைத்ததையும் சொல்வது நான். கேட்டு எழுதுவது அவர். பெயர் அவருடையது. பெயருக்குப் பக்கத்தில் தாடையில் கைவைத்து யோசிக்கிற போட்டோவும் அவருடையதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் நின்று

மழை பெய்யவில்லை. ஜன்னலோரம் நிற்க எனக்கு நேரமும் கிடையாது. இதை அடித்திருக்க வேண்டும். என் கைக்கு வராத அலங்காரம் எது என்று உங்களுக்கும் தெரியட்டுமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

(* வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். அவர் பெயரைப் போட்டால் அவருக்கு விளம்பரம், என் பெயரைப் போட்டால் எனக்கு வம்பு.)

2

அடுத்த தொடக்கத்தில் அவரைக் கொடுமைக்காரராக வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் எனக்குத் தலைவலி என்றதும் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார், கதை படுத்துவிட்டது. நிஜத்திலும் அப்படித்தான். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷர். தொடரின் டைட்டில் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவார், அவ்வளவுதான் அவர்மேல் புகார். இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் அழுவது?

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஒரு தொடருக்காக ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை போட்டிருக்கிறோம். பிறகு என் சண்டைகள் அச்சில் வர ஆரம்பித்தன, கமா முதற்கொண்டு. ஒருமுறை கேட்டதற்கு, "நம்ம ரெண்டு பேர்ல யார் எழுதினா என்ன?" என்றார். அந்த 'நம்ம' வீட்டு வாசல் தாண்டிப் போனதே இல்லை.

நான் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். அங்கேயும் ஒரு டிவி உண்டு. சத்தமில்லாமல் ஓடும். கன்னம் வீங்கியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் அபிப்பிராயம் சொல்வார்கள், வாயைத் திறக்க முடிந்த அளவுக்கு. தொடர்களைப் பற்றிப் பேசுகிறபோது மனிதர்கள் தங்களை அறியாமல் உண்மை பேசிவிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதலாம். வேண்டாம், அதுவும் அவர் பெயரில்தான் வரும்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நீதிபதியும் அவர் மனைவியும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற தொடர். ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடியது. எனக்கு நான்காவது எபிசோடிலேயே கொட்டாவி. ஞாயிறு மதியம் ஐந்தாவது தொடங்கியபோது இவர் சோபாவில் வாயைத் திறந்தபடி குறட்டைவிட்டுத் தூங்கிவிட்டார். கண்ணாடி மூக்கு நுனிக்குச் சரிந்திருந்தது.

தூக்கம் கெட வேண்டாமே என்று டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். மடித்து வைக்கப் போனவள், என்ன தோன்றியதோ, எடுத்து நானே போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தேன். நீதிபதி, மனைவி, வீடு, எல்லாம் ஒரே கலங்கல். திரும்பி இவரைப் பார்த்தேன். இவரும் கலங்கல்தான். எபிசோட் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்டால்

[இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.]

சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். ஐந்தாவதில் என்ன ஆயிற்று என்றார். நான் எபிசோடைப் பார்க்கவே இல்லை. அதனால் எங்கள் ஹாலில் நடந்ததைச் சொன்னேன். நீதிபதி தூங்குகிறார், மனைவி சத்தத்தைக் குறைக்கிறாள், அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு வரியில் கை நிற்கும், நிமிர்ந்து பார்ப்பார் என்று ஓர் ஆசை.

"பிரமாதம். மேல சொல்லு," என்றார்.

4

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. "கணவனின் பார்வை வழியே உலகைக் காண முயன்று தோற்கும் ஒரு பெண்ணின் மௌனப் புரட்சி" என்று எழுதியிருந்தார். இப்படியொரு தனிமையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரால்தான் எடுக்க முடியும் என்று இயக்குநருக்கு ஒரு ஷொட்டு வேறு.

யாராவது பிடித்துவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். பிடிக்கவில்லை. எபிசோடைப் பார்த்தவர்கள் தாங்கள்தான் நடுவில் கண்ணயர்ந்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். வேர் சிகிச்சைக்கு வந்த ஒரு டீச்சர் என் மேசைமேல் சாய்ந்துகொண்டு, "அந்தக் கண்ணாடி சீன் பாத்தீங்களாக்கா? நான் அழுதுட்டேன்," என்றார். பார்க்கவில்லை, சொல்லுங்கள் என்றேன். ரசித்துச் சொன்னார். அவர் சொன்னதில் அந்தப் பெண் நீலப் புடவை கட்டியிருந்தாள். நான் அன்றைக்குக் கட்டியிருந்தது பழைய நைட்டி.

5

பிறகு அந்த இயக்குநர் ஊருக்கு வந்தார். பத்திரிகை ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்தது. மேடையில் அவரும் எங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள். அப்படி ஒரு காட்சியை நான் எடுக்கவே இல்லையே என்று அவர் மைக்கில் சொன்னால் இவர் மானம் கப்பலேறிவிடும். எனக்கு அந்தப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய ஆசையும் இருந்தது: அது நான்தான் என்று இவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கதை மொத்தமும் அந்த ஒரு ஆசைதான், மற்றதெல்லாம் ஜோடனை.

சந்திப்பு அன்று காலையில் இவர் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும்போது சொன்னேன்.

"அந்தக் கண்ணாடி சீன் தொடர்ல கிடையாதுங்க. அது நான் சொன்னது."

"நீ சொன்னதுதான். நான் இல்லைன்னு சொன்னேனா?"

"நானா சேத்துச் சொன்னது. அன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்க. உங்க கண்ணாடியை நான்தான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

பொத்தானைப் போட்டபடியே என்னைப் பார்த்தார். கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

"நீ சரியா கவனிக்கல. நான் என் கண்ணால பாத்தேன். கண்ணாடியைப் போட்டதும் அவ முகத்துல லேசா ஒரு சிரிப்பு வருமே, அதுதான் சீனே."

சிரிப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

[இங்கே கதையை வேறு பக்கம் திருப்பலாம். அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை. கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துதான் எனக்காக எழுதினார். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். இனித்தது. கிழித்துப்போட்டேன். அந்தக் குறட்டை நடிப்பில்லை, பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியாதா?]

6

அரங்கில் நல்ல கூட்டம். இவர் காட்சியை விவரித்தார், சிரிப்பையும் சேர்த்து. நான் இயக்குநரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் ஒரு கணம் விழித்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் காத்திருந்தது.

"அந்த சீனைத் தூக்கச் சொல்லி எல்லாரும் என்கூட சண்டை போட்டாங்க," என்றார். "நான்தான் விடாப்பிடியா வெச்சேன். நிஜமான பவர் கண்ணாடி. நடிச்சவங்களுக்கு ரெண்டு நாள் தலைவலி."

கைதட்டல் அடங்கவே இல்லை. ஒருத்தி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நானும் தட்டினேன்.

7

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். "திங்கக்கிழமை எழுதிக் கொடுக்கணும். உனக்கு என்ன தோணுச்சோ சொல்லு."

இந்த இடத்தில் நாலைந்து நாளாக நின்றுகொண்டிருக்கிறேன். அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறாள் என்று எழுதினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நல்லா இருக்கே" என்று போனில் குறித்துக்கொண்டார். அவரை வேறெப்படியும் எழுத வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிவிடுகிறாள் என்று ஒரு முடிவு. கதையில் இறங்கிவிடலாம், நிஜத்தில் அடுத்த பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டும், அதுவும் வீட்டுக்குத்தான் போகும். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது மூன்றாவது. அதுதான் நடந்தது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில்லை. யாருக்கும் எடுத்துக்கொடுக்காத ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

முடிவு இல்லாமல் உங்களால் தூங்க முடியாது என்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கேட்டுவிட்டீர்கள், எழுத வரும். கீழே உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பழகிவிட்டது.