ஹாரோஸ் கல்லியில் ஒரு தகடு குறைந்தது

என் கணவருக்கு மாரடைப்பு வந்த பிறகு எங்கள் வீட்டில் நல்ல காலம் பிறந்தது முன்னறைக் கதிரைக்கு மட்டும்தான். காலையில் அதில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழும்புவார். சாப்பிட்டு முடிந்ததும் திரும்பவும் அதற்கே போய்ச் சேருவார். இதயம் தேறிவிட்டது, நன்றாக நடக்கலாம், வேலைக்கும் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவருடைய நடை தபால் பெட்டியோடு முடிந்துவிடும். மெல்பேணின் புறநகரான நோபல் பார்க்கில் அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டோ மூன்றோதான். அவர்கள் பார்க்க வந்தாலும் நித்திரை என்று சொல்லச் சொல்லுவார். நகரத்தில் அவர் வேலை செய்த பொறியியல் அலுவலகத்தில் அவருடைய இடத்தை ஈஸ்டர் வரைக்கும்தான் வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு வருடம் அடித்துப் பார்த்தேன். இது அம்மியை விடக் கனத்த ஆள். நாற்பத்து நான்கு வயது மனிதர் இப்படியே அந்தக் கதிரையில் இருந்து கிழவராகிவிடப் போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஹாரோஸ் கல்லி என்ற மலையூரை எனக்குக் காட்டியவள் டொரீன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவள், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். மெல்பேணிலிருந்து கிழக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டினால், மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கு வரும். ஒரு காலத்தில் அங்கே தங்கம் தோண்டினார்கள். தங்கம் தீர்ந்தால் ஊரும் தீர்ந்து போவதுதான் வழக்கம். இந்தச் சனத்துக்கு மலையை விட்டுப் போக மனம் வரவில்லை. தோண்டி முடிந்த மலையில் விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

அதுவும் வருடம் முழுக்க. குளிர்காலத்தில் டொரீனோடு போனபோது, சுரங்கத்திலிருந்து கொட்டிய கல்மேடு பனியால் மூடிக் கிடந்தது. எழுபது வயதுக்காரர்கூட அதில் பலகை கட்டிச் சறுக்கிக்கொண்டு வந்தார். வசந்தத்தில் ஆற்றில் தூண்டில் போட்டார்கள். கோடையில், கல் அரைக்கும் ஆலைக்காகக் கட்டிய அணையில் ஊரே நீந்தியது. நாங்கள் என்றால் வெயில் என்றும் குளிர் என்றும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளுவோம். இவர்களுக்கு வானிலை ஒரு சாட்டே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. பனியில் நாலு தரம் விழுந்து எழும்பிய பிறகு, சேலையை வீட்டில் வைத்துவிட்டுக் காற்சட்டையோடு போகப் பழகினேன்.

1977 ஈஸ்டருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் வேறு வழி பிடித்தேன்.

"நான் லைசன்ஸ் எடுத்து மூண்டு கிழமைதான். பரவாயில்லை, மலைப்பாதையில தனியவே ஓட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

அவர் எழும்பிச் சப்பாத்தைத் தேடினார்.

ஈஸ்டர் சனிக்கிழமை அந்த ஊரில் ஒரு நடை. சுரங்க வண்டிகள் ஓடிய பழைய பாதையில் மலையுச்சிச் சுரங்கம் வரை ஏறித் திரும்ப வேண்டும். ஊர் மண்டபச் சுவரில் ஒரு பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளைத் தகடு. புறப்படும்போது ஒவ்வொருவரும் ஒரு தகடு எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, அங்கே அது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நினைவுப் பரிசாக்கும் என்று நினைத்து, என் கணவர் நன்றி சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏற்றம் தொடங்கியதும் நான் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நீர் முன்னுக்குப் போம். நேர்ஸ் மாதிரி என்னைப் பாத்துக்கொண்டு வரவேண்டாம்."

"களைச்சாச் சொல்லுவியள்தானே?"

"ஓம், ஓம். சொல்லுவன்."

நான் டொரீனோடு போய்விட்டேன். உச்சியில் நின்று பார்த்தால் மலைக்கு மேல் மலை. யூக்கலிப்டஸ் மணம் மூக்கில் ஏற, இவர் மட்டும் இதைப் பார்த்தாரென்றால் போதும் என்று நினைத்தேன். பின்னால் வருகிறவர்களோடு அவரும் வருவார் என்று நம்பித்தான் மறுபக்கப் பாதையால் இறங்கினேன்.

பின்னேரம் மண்டபத்தில் சூப் மணந்தது. வந்தவர்கள் தகட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் பார்த்துப் பார்த்து என்னுடையதை மாட்டினேன். ஆனால் ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பலகையில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தது. டொரீன் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அவள்தான் சொன்னாள். சுரங்கம் இயங்கிய நாளில் கீழே இறங்கும் ஒவ்வொருவரும் தகடு எடுத்துப் போவார்கள். ஆணி வெறுமையாக இருந்தால் உள்ளே ஓர் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆள் வரும்வரை ஊரில் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், வழக்கத்தை மூடவில்லை.

கழற்றிய சப்பாத்துகளை எல்லோரும் திரும்பவும் மாட்டினார்கள். சூப் கிண்டிக்கொண்டிருந்த பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். காலையில்தான் முதன்முதலாகக் கண்ட ஒரு மனிதருக்காக, முகம் சுளிக்காமல், ஒரு ஊரே மலையேறியது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நித்தி, நித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். நித்தியானந்தன் என்ற பெயரில் அவர்கள் வாயில் நின்றது அவ்வளவுதான். என் வாயில் அதுவும் இல்லை. கல்யாணம் செய்த நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் 'இஞ்சருங்கோ'. குசினியிலிருந்து முன்னறைக்கு அது போதும். மலையில் யாருக்குக் கேட்கும்?

பலகை போட்டு மூடிய பழைய குழிகளைத் தாண்டித் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு பலகை இடுக்கிலும் எட்டிப் பார்த்தேன். இழுத்துக்கொண்டு வந்து நானே அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். முதலில் பெயரை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பிறகு தொண்டை கிழியக் கத்தினேன், நித்தி, நித்தியானந்தன் என்று.

அப்போது கீழேயிருந்து ஒருவர் ஏறி வந்தார். சப்பாத்து இல்லை, காலுறை மட்டும். செங்குத்தான குறுக்குப் பாதையில் எங்கும் நில்லாமல் ஏறி வந்தார்.

"என்ன, என்ன நடந்தது உமக்கு?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"எனக்கோ? எனக்கென்ன? நீங்கள் எங்க போனீங்கள்?"

"நீர் என்ர பேரைச் சொல்லிக் கத்தினா நான் வேற என்னத்தை நினைக்கிறது?"

பாதி வழியில் களைத்துவிட்டாராம். சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டி வருமே என்று, விறகு லொறி போகும் பாதையால் இறங்கி, ஒரு லொறிக்காரரோடு ஏறி, மலையடியில் நாங்கள் தங்கியிருந்த விடுதி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாராம். என் குரல் கேட்டுத்தான் எழும்பி ஓடி வந்தாராம். ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் பெரிய கொள்கை. அதனால் வரும் கரைச்சல் உலகத்தில் வேறெதனாலும் வராது. அங்கேயே நின்று தமிழில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். சுற்றி நின்றவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மண்டபத்தில் அவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.  தகட்டை மாட்டிவிட்டு வா, சூப்பைச் சூடாக்குகிறோம் என்றாள் சூப் கிண்டிய பெண். அவ்வளவுதான், கோப்பைகள் சத்தமிடத் தொடங்கின.

அடுத்த நாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மலைப்பாதை முடிந்தது. அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"மாரடைப்பு வந்த அண்டைக்கு ரெயில் பிளாட்பாரத்தில விழுந்தனான். கன நேரம் கிடந்தனான், கமலினி. சனம் பாத்திட்டு விலத்திப் போச்சுது. குடிச்சுப்போட்டுக் கிடக்கிற வெறிகாரன் எண்டு நினைச்சிருப்பினம். அதுக்குப் பிறகு வெளிய இறங்க எனக்கு மனம் வரேல்ல. இந்த நாட்டில விழுந்தா விழுந்ததுதான் எண்டு நினைச்சன்."

ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். காரை ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல?"

"உமக்கு ஏன் கரைச்சல் எண்டுதான்."

 ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். அவரும் அழுதார்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த மறுநாள் காலை அவர் வேலைக்கு வெளிக்கிட்டார். நானும் அந்தப் பிளாட்பாரம் வரை போய், ரயில் வரும்வரை பக்கத்தில் நின்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.