ரெண்டு பீட் தாமதம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு பாட்டுக்கு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஐந்தை வெட்டிவிட்டு மூன்றை வைத்துக்கொண்டார்கள். ஆனால் குழுவிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி, இணையத்திலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்கிறவர்களின் குழு அது. நான் மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்குமா?

முதல் தொடக்கம்: "துணி அலமாரிக்குள் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்."

பேய்க்கதை மாதிரி இருக்கிறது, அடித்துவிடுகிறேன். ஆனால் அவள் பாடியது அலமாரிக்குள்தான்.*

* கம்பளிக் கோட்டும் போர்வையும் தொங்கினால் எதிரொலி வராது. கதவை மூடினால் மூச்சுத்தான் முட்டும்.

2

அவள் என்றால் இந்தக் கதையின் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகலெல்லாம் "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, சாயங்காலம் அலமாரிக்குள் புகுந்துவிடுவாள். அவளுடைய தம்பி எங்கோ தூர தேசத்தில் லிஃப்ட் மெக்கானிக், வயலின் வாசிப்பான். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எல்லோருடைய பதிவுகளையும் வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் சவுண்டுக்காரர், விவரம் தெரியாமல் இருவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டார்.

(சண்டைக்குக் காரணமாக முதல் வரைவில் ஒரு காதல் விவகாரத்தை நுழைத்திருந்தேன். ஒட்டவில்லை. உண்மைக் காரணம் சின்னது. ஒரு கச்சேரிக்குத் தம்பி வர இருபது நிமிஷம் தாமதம். அக்கா காத்திருக்காமல் வேறொரு வயலின்காரரை மேடையேற்றிவிட்டாள். தம்பி வயலின் பெட்டியோடு வாசலில் நின்று முதல் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டான்.)

3

வேலை நடக்கும் விதம் இதுதான். காதில் டிக் டிக் என்று தாளம் ஓட, அக்கா முதலில் ஒரு மாதிரிப் பதிவு பாடி அனுப்புவாள். மற்றவர்கள் அதைக் கேட்டு அவரவர் வாத்தியத்தை வாசிப்பார்கள். பிறகு அவள் ஒழுங்காக ஒரு தடவை பாட, மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அந்த மாதிரியில், இரண்டாவது சரணத்தில் அவளுக்கு வரி மறந்துபோனது. இரண்டு பீட், அதாவது இரண்டு டிக், தாமதமாக எடுத்தாள். "அது என் தப்பு, கண்டுக்காதீங்க, டிக் டிக்கோட போயிடுங்க" என்று குழுவில் எழுதியும் போட்டாள். டிரம்ஸ் போனது, கிடார் போனது. வயலின் மட்டும் நின்றது. அவள் வரும்வரை நின்று, அவளோடு சேர்ந்து நுழைந்தது.

சவுண்டுக்காரர் போன் செய்தார்.

"மேடம், வயலின் மட்டும் ரெண்டு பீட் லேட்டு. வெட்டி முன்னாடி இழுத்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"கொஞ்சம் இருங்க."

"வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாகணும் மேடம்."

"இருங்கன்னு சொன்னேன்ல. அந்த வயலினை மட்டும் தனியா அனுப்புங்க."

அனுப்பினார். பதினோரு தடவை கேட்டாள்.

4

இங்கேதான் தம்பி என்னைப் படுத்துகிறான். ஏன் நின்றான்?

குத்திக்காட்டுகிறானா, பார், நான் காத்திருந்தேன் என்று? இல்லை, குழுவில் வந்ததைப் படிக்கவே இல்லையா? (படிக்கிற ஆளாகத் தெரியவில்லை.) அல்லது சின்ன வயசிலிருந்து அவள் பாட்டுக்கு வாசித்த கை, அவள் நின்றால் தானாக நின்றுவிடுமா? மூன்றில் எது என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

அக்காவும் இந்த மூன்றையும்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். அது குத்தல் என்றால், அவள் போன் செய்வது அடுத்த சண்டைக்குப் பிள்ளையார் சுழி. செய்யாவிட்டாலோ, இரண்டு வருஷத்தில் தம்பி அவளுக்குச் சொன்ன ஒரே விஷயம், அது என்னவாக இருந்தாலும், வெட்டுப்பட்டுப் போய்விடும். அவளுக்குப் பயமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: வெட்டுகிறார்கள். பாட்டு பளிச்சென்று வருகிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. (எனக்கு வயிறு எரிகிறது.)

முடிவு இரண்டு: அவளும் அதே இடத்தில் இரண்டு பீட் நின்று பாடுகிறாள். அப்படியென்றால் டிரம்ஸ்காரர் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். குச்சியோடு என்னைத் தேடி வருவார்.

முடிவு மூன்று:

"ஹலோ."

"சொல்லுக்கா."

"அந்த ரெண்டாவது சரணத்துல நீ..."

"என்ன?"

அவன் குரலில் ஒரு

(நிறுத்திவிட்டேன். ஒரு என்ன? கோபமா, சிரிப்பா? இந்த ஒரு சொல்லுக்காக நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.)

வேறு வழியில்லாமல், இதுவரை எழுதியதை அக்காவுக்கே அனுப்பிவைத்தேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"மத்ததெல்லாம் எப்படி வேணா எழுதிக்கோங்க. அவன் ஏன் நின்னான்னு மட்டும் நீங்க எழுதாதீங்க. அதை நான் அவன்கிட்டயே கேட்டுக்கறேன்."

உடனே அவளைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. தம்பிக்குப் போட்டேன், அதுவும் பிஸி. இப்போது நாற்பது நிமிஷம் ஆகிறது, இன்னும் பிஸி. நாற்பது நிமிஷம் சண்டையும் போடலாம், சும்மாவும் பேசலாம். கூடப் பிறந்தவர்களுக்கு இரண்டும் வரும்.

சவுண்டுக்காரர் குழுவில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்: "வெட்டட்டுமா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கப்பா."

அக்கா பதில் போடவில்லை, தம்பியும் போடவில்லை. என்னிடம் எழுதாதே என்று சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருப்பது நீங்கள்தான். அவருக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.