வீ லாஸ்ட் ஹிம்

பிழைக்க வந்த நாட்டில், சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அவன் குளிர்பதனக் கிடங்கில் வண்டி ஓட்டினான். அவள் ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்தாள். டீச்சர் பலகையில் "லுக் ஆஃப்டர்" என்று எழுதினால் போதும், அவன் அவள் காதருகே குனிவான்.

"பின்னாடி பாருன்னு அர்த்தம். உன் சூப்பர்வைசர் நிக்கிறாரு."

சிரிப்பை அடக்குவதற்குள் அவளுக்குப் பாடம் முடிந்துவிடும்.

"உங்க பக்கத்துல உக்காந்தா நான் உருப்பட்ட மாதிரிதான்."

"நான் படிச்சா போதாதா? நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசுறேன்."

ஒரு காலையில் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூன்றாம் மாடியில் டாக்டரம்மா அவள் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"ஐ ஆம் சோ சாரி. வீ லாஸ்ட் ஹிம்."

லாஸ்ட். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் குடையைத் தொலைத்தபோது கற்றுக்கொண்டது.

"ஒரு மனுசன எப்படித் தொலைப்பீங்க?" என்று தமிழிலேயே கத்தினாள்.

டாக்டரம்மா கையைப் பிடிக்க வந்தார். உதறிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். நெஞ்சுவலிக்காரர், புது இடம், எந்தப் பக்கம் போனாரோ. எக்ஸ்ரே அறை வாசலிலும் கேண்டீனிலும் ஆண்கள் கழிப்பறைக்கு வெளியிலும் நின்று "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலேயே வந்த நர்ஸ் அவள் தோளை அணைத்து மறுபடி மாடிக்கு அழைத்துப்போய் ஓர் அறையைத் திறந்தாள்.

வெள்ளை விரிப்பு தலைவரை மூடியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கிடங்கு மேலாளர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அவளுக்கு ஒன்பது வயது. ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் வீட்டில் பேசுகிற அளவுக்கு மட்டும்.

"அப்பா தவறிட்டாரு, கண்ணு."

மகள் அவளையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்த குரலில் கேட்டாள்:

"அப்பா என்னம்மா தப்பு பண்ணாரு?"

"ஒரு தப்பும் பண்ணலடா." மகளை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். சுற்றிவளைத்துச் சொல்ல வேறு வார்த்தை வரவில்லை.

"அப்பா செத்துப்போயிட்டாரு."

மகள் அழவில்லை. அம்மாவின் ஏப்ரன் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் பாக்கணும்" என்றாள்.

இருவரும் எழுந்து அந்த அறைக்குள் போனார்கள்.