காலை ஏழரை மணிக் காற்று

"அப்போ நம்ம மேப்பு பொய்யா டீச்சர்?"

"பொய் இல்லலா. பாதிதான் உண்மை."

"பாதி உண்மைய நம்பியா தலைவர் நெருப்பு வைக்கப் போறாரு?"

கலைமகள் டீச்சருக்குச் சுருக்கென்றது. கேட்டவள் ஐந்தாம் ஆண்டு அனுசியா. லூபோக் சீனா என்ற ஊரை ஒட்டிய அந்தத் தோட்டப் பள்ளியில், காட்டுத்தீ பாடத்துக்காகப் பிள்ளைகள் இரண்டு வாரம் காற்றை அளந்து வரைபடம் போட்டிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த லாலாங் புல்லுக்கு மஞ்சள், வீடுகளுக்குச் சிவப்பு, கடல் பக்கமிருந்த ஆற்றுக்கு நீலம். காற்று தினமும் வீடுகளை விட்டு ஆற்றுக்கே போனது. திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, ஊர் கூடிக் கோயிலைச் சுத்தம் செய்யும். சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்குப் புல்லைக் கொளுத்துவது வழக்கம். வரைபடத்தைப் பார்த்த கோயில் தலைவர் பெரியதம்பி, "பிள்ளைங்களே சொல்லிட்டாங்க, பயமில்ல" என்று பூரித்துப்போனார்.

நேற்று மூன்று மணிக்கு அனுசியா கொடியில் துணி எடுக்கப் போனாள். பாவாடைகள் வீட்டுப் பக்கம் பறந்துகொண்டிருந்தன.

அவர்கள் அளந்ததெல்லாம் காலை ஏழரைக்கு, சபைகூடலில் நாட்டுப்பண் நெகாராகூ பாடிய கையோடு. மதியக் கடற்காற்று ஒருவருக்கும் நினைவில்லை, டீச்சருக்கும்தான். கைப்பேசியில் விமான நிலையத்தின் மணிவாரிக் காற்றுக் கணக்கைத் திறந்தார். இரண்டு மணிக்குமேல் அம்புகள் அத்தனையும், அழைத்த குரலுக்குத் திரும்பியவைபோல, வீடுகளைப் பார்த்து நின்றன.

பள்ளி விட்டதும் இருவரும் கோயிலுக்கு நடந்தார்கள். பெரியதம்பி ஏணியில் நின்று பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், சாமிக்கும் ஜிபிஎஸ் மாட்டப் போறீங்களா?"

"தப்பு பண்ணிட்டோம் அண்ணே. தப்பு என்னுதுதான்."

அனுசியா புதிய படத்தைத் தரையில் விரித்தாள். காலைக்குப் பச்சை அம்புகள், மதியத்துக்குக் கறுப்பு. தலைவர் இறங்கிவந்து குந்தி உட்கார்ந்தார்.

"இந்த முதல் சிவப்பு யாரு வீடு?"

"உங்க வீடுதான் தாத்தா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முப்பது வருசமா கொளுத்துறோம் பாப்பா. ஒன்னும் ஆகலையே."

"முப்பது வருசமா அங்க வீடு இருந்துச்சா தாத்தா?"

பெரியதம்பியின் விரல் கறுப்பு அம்பின் மேல் மெல்ல நகர்ந்தது, பிறகு நின்றது. டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, பெற்றோர் குரூப்புல கேட்டாச்சு. பத்தொன்பது வீட்டுலேருந்து ஆள் வர்றாங்க, அரிவாளோட. இந்த வருசம் கொளுத்தாம, புல்லை வெட்ட எங்களை விடுவீங்களா?"