மூன்று கும்பி மீன்

“விலகு! விலகு!”

கழுதை விலகவில்லை. றெனால்ட் பிரேக்கை இறுக்கினார். மோட்டார் சைக்கிள் மணலில் சறுக்கி, கழுதையின் வாலை உரசாத குறையாகத் தப்பித்து, மறுபடி தாழ்வுபாடு வீதியில் ஏறியது.

மணி மூன்று பத்து. நாலு மணிக்குள் புள்ளிப் பட்டியல் மின்னஞ்சலில் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சுட்டெண்களுக்கு நேரே ‘கொப்பி அடித்தது’ என்று அவர் எழுதினால், இரண்டு பெண்களின் படிப்பு இரண்டு வருடத்துக்கு நின்றுவிடும். எழுதாமல் விட்டால், நாளைக்கு வேறொருவர் கண்டுபிடித்து அவரையே விசாரிப்பார்.

மூன்று நாளில் நூற்று நாற்பது விடைத்தாள் திருத்தியிருந்தார். கண் இரண்டிலும் மணல் விழுந்த மாதிரி இருந்தது. பாடம் ஓட்டோமேட்டா. ஞாபகசக்தி குறைந்த ஒரு எளிய இயந்திரத்தால் எந்த எழுத்துச் சரத்தை இனங்காண முடியும், எதை முடியாது என்ற கணக்கு. முடியாது என்று நிரூபிப்பது இரண்டு பேர் விளையாடும் விளையாட்டைப் போன்றது. சரத்தை நாங்கள் கொடுப்போம். அதை மூன்று துண்டாக வெட்டுவது எதிராளி. அவன் எப்படி வெட்டினாலும் நாங்கள் வெல்ல வேண்டும்.

இரண்டு விடைத்தாள்களிலும் அது தலைகீழாக இருந்தது. தாங்களே வெட்டிவிட்டு, எதிராளியை ஒரு துண்டு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு உதாரணம் வேறு: கரையில் படகுக்காரச் சம்மாட்டி மீனை மூன்று கும்பியாகக் குவித்துப் பிரிப்பார், பிரித்தவர் எடுக்கக்கூடாது, மற்றவர்கள்தான் எடுப்பார்கள்.

சுட்டெண்களைப் பதிவேட்டில் தேடிப் பார்த்திருந்தார். ஒருத்தி சிலாவத்துறை ரிஸ்னா. மற்றவள் தாழ்வுபாடு டிலோஜினி. மீன் பங்கு தாழ்வுபாட்டு வழக்கம். எனவே டிலோஜினி எழுதினாள், ரிஸ்னா பார்த்து அடித்தாள். றெனால்ட் அப்படித்தான் முடிவுகட்டியிருந்தார். ஆனாலும் கேட்காமல் எழுதக் கை வரவில்லை. பரீட்சகர் மாணவியைத் தேடிப் போவது விதிக்குப் புறம்பு என்று தெரிந்தும் வந்துவிட்டார்.

டிலோஜினி முற்றத்தில் பாயில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் எழும்பினாள். முகத்தில் பயத்தைவிடக் களைப்புத்தான் கூட இருந்தது.

“கொப்பி அடிக்கிறதெண்டா சரியான விடையைத்தானே சேர் அடிப்பம்? பிழையை ஆராவது பார்த்து அடிப்பினமே?”

றெனால்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே மீன் எங்காலை வந்தது?”

“நோட்ஸிலை கிடக்கு. நாங்கள் வெளிவாரிப் பிள்ளையள். எங்களுக்கு விரிவுரையே, மண்ணாங்கட்டியே? மன்னாரிலை முஸ்பிரா அக்கான்ரை போட்டோகொப்பிக் கடையிலை எல்லாரும் அதைத்தான் வாங்குறது. ரிஸ்னாவும் அங்கைதான் வாங்கியிருப்பாள்.” உள்ளே போய் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். “இது எனக்கு ரெண்டாந்தரம் சேர். இதோடை நிப்பாட்டினா அப்பா திரும்பப் படிக்க விடமாட்டார்.”

பிரதிக்குப் பிரதி எடுத்துப் புகைபோல மங்கிப்போன தாள்கள். முதல் பக்கம் இல்லை. பதினோராம் பக்கத்தில் மூன்று கும்பி மீன் படமாகவே இருந்தது.

மணி மூன்று இருபத்தெட்டு.

கடைக்கு முன்னால் அவர் இறங்கியபோது மூன்று நாற்பத்தொன்று. முஸ்பிரா இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

“வாங்கோ சேர். எத்தினை கொப்பி?”

“கொப்பி வேண்டாம். இதின்ரை மூலம் வேணும்.”

அவள் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். நீல மை. அதே மீன். அதே பிழை.

“ஆர் எழுதினது?”

“நான்தான்.”

றெனால்டின் குரல் உயர்ந்தது. “இது பிழை! இதாலை எத்தினை பிள்ளையள் விழுந்திருக்குதெண்டு தெரியுமோ?”

“முதல் விழுந்தது நான்தான் சேர். ரெண்டு தரம். பிறகு ஏலாமல் விட்டிட்டு இந்த மெசினை வாங்கினன்.”

“பிழையெண்டு தெரிஞ்சும் வித்தனீங்களோ?”

“எங்கை தெரிஞ்சது? விடைத்தாள் திரும்பி வருதோ? புள்ளி மட்டும்தானே வரும். இது பிழையெண்டு இண்டைக்கு நீங்கள் சொல்லித்தான் கேக்கிறன்.”

இயந்திரம் தானாக ஒரு வெற்றுத் தாளைத் துப்பியது. றெனால்ட் கதிரையில் சாய்ந்தார். கோபப்படவும் உடம்பில் தெம்பில்லை. எப்படியோ, பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. அதை ஆதாரத்தோடு எழுதினால் போதும், புள்ளி போனாலும் படிப்பு நிற்காது. கைபேசியை எடுத்துத் தட்டினார்: ‘இருவரும் ஒரே பிழையான குறிப்பைப் படித்துள்ளனர். குறிப்பின் மூலம்...’

மூன்று ஐம்பத்திரண்டு.

“உங்களுக்கு இதைப் படிப்பிச்சது ஆர்? பெயர் போட வேணும்.”

முஸ்பிரா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

“பயப்பிடாதேங்கோ. உங்களுக்கு ஒண்டும் வராது.”

“எனக்கென்ன பயம் சேர்? எட்டு வருசத்துக்கு முன்னம் இந்தக் கடைக்கு மேல்மாடியிலை ஞாயிறு வகுப்பு நடந்தது. படிப்பிச்சவரும் அப்ப கடைசி வருசத்துப் பெடியன்தான். விளங்கேல்லையெண்டு நான் கை உயர்த்தினன். சட்டெண்டு மூண்டு கும்பி மீனைக் கீறிக் காட்டினார். எல்லாரும் கை தட்டினம்.” அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன் தள்ளினாள். “அவருக்கு என்னை ஞாபகமில்லை. நீங்கள் எழுதுங்கோ சேர். சிங்கராசா றெனால்ட்.”